இரு, வரேன்

ஆறாவது டிக் விழுந்து நாலு நிமிஷம் ஆகிவிட்டது, ஏழாவதைக் காணோம். சுபத்ரா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள், தான் சரியாக உற்றுப் பார்க்காததால்தான் அது வராமல் அடம்பிடிக்கிறது என்பதுபோல. பன்னிரண்டு வட்டம். ஆறு பச்சை, ஆறு சாம்பல். சாரு ஒரு வேலையை முடித்துத் தன் கழுத்தில் தொங்கும் போனைத் தொட்டால் இங்கே அம்மாவின் போனில் ஒரு வட்டம் பச்சையாகும், அவ்வளவுதான் விஷயம். ஏப்ரன் கட்டியாச்சு, கிளவுஸ் போட்டாச்சு, வண்டியைத் தள்ளியாச்சு, டிரையரிலிருந்து பச்சை ஷீட்டை எடுத்தாச்சு, கிழிசல் பார்த்தாச்சு, நாலாக மடிச்சாச்சு. ஏழாவது, மடித்ததைப் பத்துப் பத்தாக அடுக்கி மூணாவது தட்டில் வைப்பது. மடிப்பதைவிடச் சுலபம், மூணு வயசுக் குழந்தை செய்யும் என்று நினைத்து, உடனே அந்த நினைப்பின் தலையில் தானே ஒரு குட்டு வைத்தாள், ஏனென்றால் சாருவைப் பற்றி யாராவது மூணு வயசு அஞ்சு வயசு என்று ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சாருவுக்கு இருபத்தைந்து வயசு. புத்தி வளர்ச்சி குறைவு என்று காகிதத்தில் போட்டிருக்கிறது, போட்டுக்கொள்ளட்டும், வயசு இருபத்தைந்துதான். "இருபத்தாறு" என்று நர்ஸ் கூப்பிட்டாள். சுபத்ரா திடுக்கிட்டு, அது டோக்கன் என்று புரிந்து மறுபடி சாய்ந்தாள். அவளுடையது நாற்பத்தொன்று. நாலு வருஷமாக வலிக்கிற முட்டியை எலும்பு டாக்டரிடம் காட்டவேண்டும் என்று இன்றைக்குத்தான் அவளுக்கு ஞானம் பிறந்தது, அதுவும் இந்த ஆஸ்பத்திரியில், அதுவும் இதே கட்டடத்தின் பின்பக்கத்து லினன் ரூமில் சாரு முதல்முறையாக யாருடைய துணையும் இல்லாமல் வேலை செய்கிற காலையில். வரமாட்டேன் என்று டெல்ஃபினிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். வரவில்லை. முட்டியைக் காட்ட வந்திருக்கிறாள். சீட்டு இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளட்டும்.

டெல்ஃபின் என்பது சாருவுக்கு வேலை பழக்கிவிடுகிற பெண், இருபத்தாறு வயசு, சாரு மாதிரியானவர்களுக்கு வேலை தேடித் தருகிற ஒரு நிறுவனம் அனுப்பியது. ஆறு வாரம் சாருவின் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தாள், அதில் குறை சொல்லமுடியாது, சுபத்ராவும் தேடித்தான் பார்த்தாள். போன திங்கட்கிழமை "இனிமே ஃபேடிங் ஆன்ட்டி" என்றாள். சாயம் போகிறதைத்தான் சுபத்ரா இதுவரை ஃபேடிங் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இது என்னவென்றால் பக்கத்தில் நின்றவள் இரண்டடி தள்ளி நிற்பாள், அப்புறம் கதவோரம், அப்புறம் அறைக்கு வெளியே, அப்புறம் ஆளே இருக்கமாட்டாள், போன்தான் சொல்லும். போனில் படம் வரும், தொட்டால் குரல் வரும், செய்து முடித்து டிக். இன்று மத்தியானம் லினன் ரூம் பொறுப்பாளர் செபஸ்தியம்மா ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும், தனியாக வேலை செய்கிறாரா, ஆம், இல்லை. ஆம் என்றால் அடுத்த மாதத்திலிருந்து சாரு இந்த ஆஸ்பத்திரியின் ஆள், கழுத்தில் அட்டை, ஞாயிறு லீவு. இல்லை என்றால் பழையபடி அந்தப் பயிற்சி மையம், முப்பத்தெட்டு வயசு ஆண்கள் எல்லாம் உட்கார்ந்து மணி கோக்கிற நீள மேஜை, கோத்ததைச் சாயங்காலம் யாரோ அவிழ்த்து மறுநாள் கோக்க டப்பாவில் போட்டுவைப்பார்கள். அதை ஒருநாள் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சுபத்ரா இரண்டு வேளை சாப்பிடவில்லை. சரி, போன் சொல்லும் என்றால் யார் குரலில் சொல்லும், அங்கேதான் வந்தது வினை. அந்தச் செயலியில் ஏற்கெனவே ஒரு பெண் குரல் இருந்தது, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவளுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி. "துணியை நான்காக மடிக்கவும்." சாரு போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மடிக்கவும்… அப்புறம்?" என்றாள். மடிக்கவும் என்றால் மடிக்கவும் வைக்கவும், மடிக்கவும் எடுக்கவும், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அது வரட்டும் என்று காத்திருந்தாள். இந்த உலகத்தில் எந்த வீட்டில் யார் மடிக்கவும் என்று பேசுகிறார்கள், சுபத்ரா அதைத்தான் டெல்ஃபினிடம் கேட்டாள், சோறு போடவும் என்று உங்கம்மாகிட்ட சொல்வியா நீ? டெல்ஃபின் சிரித்துவிட்டு, "அப்ப நீங்களே பேசிக் குடுங்க ஆன்ட்டி, உங்க குரல்னா அவளுக்கு டக்குனு புரியும்" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது சுபத்ராவுக்குப் புதிதில்லை. நேற்றுச் சாயங்காலம் குக்கர் ஒரு பக்கம் கத்த, சமையலறை மேடையில் போனைச் சாய்த்துவைத்துப் பன்னிரண்டையும் பேசி அனுப்பினாள். சாருக்குட்டி, நாலா மடி. நல்லா மடி. அவசரமா மடிக்காத. அது மட்டும் புரிந்திருக்கிறது, ஆறாவது டிக் விழுந்திருக்கிறதே. ஏழாவதுக்கு என்ன கேடு.

ஏழு நிமிஷம். சார்ஜ் தீர்ந்திருக்குமோ, இல்லை, காலையில் நூறு இருந்தது, அவளே பார்த்தாள். டவர் இல்லையோ, ஆறுக்கு இருந்த டவர் ஏழுக்கு எங்கே போகும். டிரையர் கதவு சூடாக இருக்கும், தொடாதே என்று செபஸ்தியம்மா நூறு தரம் சொல்லியிருக்கிறாள், சாரு தொடமாட்டாள், சொன்னால் கேட்பாள், சொன்னால் மட்டும்தான் கேட்பாள், அதுதான் பயம். வேறு யாராவது வேறு ஏதாவது சொல்லியிருந்தால்? அந்தப் பின்பக்கத்து வராந்தாவில் ஆக்சிஜன் சிலிண்டர் உருட்டுகிறவர்கள் போவார்கள் வருவார்கள், எல்லோரும் நல்லவர்கள்தான், எல்லோரும் நல்லவர்கள் என்று எழுதிக் கொடுத்தது யார். இங்கே வா என்றால் போவாளா? போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதை எத்தனையாவது டிக்கில் சொன்னோம்? எதிலும் சொல்லவில்லை. பக்கத்தில் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண், மண்ணச்சநல்லூர்ப் பக்கம் போலிருந்தது, "உங்களுக்கு என்னாங்க வலி?" என்று விசாரித்தாள். "முட்டி" என்றாள் சுபத்ரா. "முட்டிய விட்டுட்டு போனையே தடவிட்டிருக்கீங்க." போனில் வேறு சாருவின் அப்பா அனுப்பிய செய்தி வந்து நின்றது, டிக் வந்ததா சுபா, கேள்விக்குறி, கும்பிடுகிற கை. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு கும்பிடுகிறார். பதில் போடவில்லை. போன வருஷம் சூப்பர் மார்க்கெட்டில் சேர்த்தபோதும் இப்படித்தான் கும்பிட்டார். அலமாரியில் பிஸ்கட் அடுக்குகிற வேலை, மூணு நாள் அழகாக அடுக்கினாள், நாலாம் நாள் கூடை நிறைய கிரீம் பிஸ்கட் எடுத்த ஒரு மாமியிடம், "இவ்ளோ வாங்கினா சுகர் வரும், அப்புறம் கால எடுப்பாங்க, நான்தான் ஆஸ்பத்திரிக்கு அலையணும்" என்றிருக்கிறாள். மேனேஜர் கூப்பிட்டனுப்பி, "உங்க பொண்ணு கஸ்டமரைத் திட்டுதும்மா" என்றான். சுபத்ரா அவனை முறைத்தாளே தவிர, அந்த வாக்கியம் ஒரு எழுத்து மாறாமல் தான் வீட்டில் அவரிடம் சொல்வது என்பதை அவனிடம் சொல்லவில்லை. சாருவுக்குச் சொந்தமாக வார்த்தை குறைச்சல். இருக்கிறதெல்லாம் அம்மாவுடையது. அம்மாவின் நாக்கு எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும், கடவுள் வேறு நாக்காகப் பார்த்து ஒட்டியிருக்கலாம். கடவுள் என்றதும், தெய்வக் குழந்தை, தெய்வக் குழந்தை என்று சாருவின் கன்னத்தைக் கிள்ளுகிற அபார்ட்மெண்ட் பெண்கள் ஞாபகம் வந்தது, தெய்வம் என்றால் ஒரு நாள் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதுதானே. ஒன்பது நிமிஷம். "இருபத்தொம்பது."

எழுந்து போய்ப் பார்த்துவிடலாம். அறுபது எழுபது அடி இருக்கும், எக்ஸ்ரே அறையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் சோப்பும் சூடும் கலந்த வாசனை வரும், அதுதான். போனால் செபஸ்தியம்மா பார்ப்பாள். அம்மா வராமல் ஆகாது என்று தாளில் எழுதுவாள், எழுதாவிட்டாலும் மனசில் எழுதுவாள். எதிர்ச்சுவரில் ஓர் ஏசு படம், அதற்குக் கீழே ஒரு கன்னியாஸ்திரி யாரையோ கையமர்த்திவிட்டு விறுவிறுவென்று நடந்து போனார், அந்த வெள்ளை அங்கியின் சரசரப்பில் சுபத்ராவின் முதுகு தானாக நேரானது. நாற்பது வருஷமாகியும் இந்த முதுகுக்குப் புத்தி வரவில்லை. அஞ்சாம் வகுப்பு, சிஸ்டர் பெனடிக்டா, வகுப்பில் தமிழ் பேசினால் வராந்தாவில் நிற்கவேண்டும். சுபத்ரா பேசியது ஒரே ஒரு வார்த்தை, போடி. வராந்தாவில் மூணாவது தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, இங்கேயே நில், வருகிறேன் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போன சிஸ்டர் வரவில்லை. அன்றைக்குப் பார்த்து பிஷப் வந்திருந்தார். மணி அடித்தது, பிள்ளைகள் போனார்கள், ஆயா கூட்டினாள், அவளைச் சுற்றிக் கூட்டினாள், காலைத் தூக்கு என்றாள், தூக்கினாள், மறுபடி வைத்தாள். வெயில் தூணைவிட்டுப் போனது. ஒண்ணுக்கு முட்டியது. ஆறு மணிக்கு வாட்ச்மேன் வந்துதான் அவள் நகர்ந்தாள். அம்மா, "யாராவது நில்லுன்னா அப்படியே நின்னுடுவியா, மூளையில்ல?" என்று முதுகில் வைத்தாள், ஆனால் மறுநாள் பிரேயரில் சிஸ்டர் அவளை மேடைக்கு அழைத்து, கீழ்ப்படிதல் என்றால் இது என்று சொல்லி ஜிகினா ஒட்டிய குழந்தை ஏசு படம் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவளை யாரும் எந்த டாக்டரிடமும் கூட்டிப்போகவில்லை. வருகிறேன் என்று சொன்னார்களே, சொன்னால் வருவார்கள்தானே, அதைத்தவிர அந்தத் தூணடியில் வேறு எதுவும் தோன்றவில்லை. இரு, வரேன். யார் சொன்னது இதை? சிஸ்டர் இங்கிலீஷில் அல்லவா சொன்னார். இரு, வரேன் என்று தமிழில் காதுக்குள் கேட்கிறதே, இது சிஸ்டர் குரல் இல்லை, அலுத்துக்கொள்கிற குரல், பின்னால் குக்கர் கத்துகிறது. பத்துப் பத்தா அடுக்கி மூணாவது தட்டுல வை சாரு. அப்போதுதான் காலிங் பெல், வெளியே இஸ்திரிக்காரர் துணி கேட்டு நிற்கிறார், அவரைப் பார்த்துத்தான், மேடையில் போன் சிவப்புப் புள்ளியோடு ஓடிக்கொண்டிருக்க, இவள் கத்தினாள். சுபத்ரா ஏழாவது வட்டத்தைத் தொட்டுப் போனைக் காதோடு அமுக்கிக்கொண்டாள். வந்தது. பத்துப் பத்தா அடுக்கி மூணாவது தட்டுல வை சாரு. அப்புறம் பெல். அப்புறம், தெளிவாக, எரிச்சலாக, அவள் குரலிலேயே அவள் அம்மா. "இரு, வரேன்."

பன்னிரண்டு நிமிஷம். நின்றுகொண்டிருக்கிறாள். கையில் ஷீட்டோ, இல்லாமலோ, கதவைப் பார்த்து நிற்கிறாள், அம்மா வருவாள் என்று. இருபத்தைந்து வருஷத்தில் வரேன் என்று சொல்லி இவள் வராத நாள் ஒன்று கிடையாது, கல்யாணம் விட்டாள், கருமாதி விட்டாள், தம்பி பையன் பூணூலுக்குப் பந்தலில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள், அப்படி வந்து வந்து இந்தப் பெண்ணை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். தன் கன்னத்திலேயே பளாரென்று ஒன்று வைக்கலாம் போலிருந்தது, பக்கத்தில் மாவுக்கட்டு இருக்கிறாள். போகக்கூடாது. பேசலாம், வட்டத்துக்குப் பக்கத்தில் மைக் படம் இருக்கிறது, அமுக்கிப் பேசி அனுப்பினால் பழையது போய்ப் புதுசு ஏறிவிடும், தடுமாறினால் மறுபடி தொட்டுக் கேட்கச் சாருவுக்குப் பழக்கியிருக்கிறது. அமுக்கினாள். "ஏன்டி இப்படி நட்டுவெச்ச மாதிரி நிக்கற", சீ, அழித்தாள். சாருவா நட்டுக்கொண்டாள். மறுபடி, தொண்டையைச் செருமிக்கொண்டு, மரியாதையாகப் பேசவேண்டும் என்று, "சாரு, துணியைத் தட்டில் வைக்கவும்" என்று அந்த ஜலதோஷக்காரி மாதிரியே வந்தது, அழித்தாள். "அம்மா வந்துட்டே இருக்கேன், நீ அதுக்குள்ள", பொய், அதே பொய், அழித்தாள். என்ன சொல்லவேண்டும் என்று தெரியாமலில்லை. அம்மா வரல. இரண்டே வார்த்தை. இந்த நாக்கு யாரை என்ன சொல்லத் தயங்கியிருக்கிறது, மாமியாரையே உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறது, இந்த இரண்டு வார்த்தையை மட்டும் இருபத்தைந்து வருஷமாக அது சொன்னதே கிடையாது என்று இப்போதுதான் தெரிகிறது, பல்லில் சிக்கின நார் மாதிரி வராமல் இழுக்கிறது. வரல என்றால் சாரு எதுவரைக்கும் என்று எடுத்துக்கொள்வாள்? நாலு மணிக்கு கேட்டில் வந்து நிற்பாளே, அதுக்கும் வரல என்று ஆகிவிட்டால்? எப்போதைக்கும் வரல என்று ஆகிவிட்டால்? அந்த எப்போதைக்கும் என்பதைச் சுபத்ரா தினமும் பல் தேய்க்கும்போது ஒருதரம் நினைப்பாள், துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பாள், அதை ஆஸ்பத்திரி ஹாலில் உட்கார்ந்து போனுக்குள் சொல்லவேண்டும் என்று யார் எதிர்பார்த்தார்கள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட மூச்சிலேயே சொன்னாள். "சாரு, அம்மா இப்ப வரல. நாலு மணிக்குத்தான் வருவேன். நீயே வை." மாவுக்கட்டு திரும்பிப் பார்த்து, "யாருகிட்டங்க வரலைங்கறீங்க, இங்கதான குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கீங்க" என்றாள். திரை கேட்டது, சேமிக்கவும், நீக்கவும். அவள் கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் ஆடியது. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஏழாவது வட்டம் பச்சையானது.

அவள் எதையும் அமுக்கவில்லை. அமுக்கினாளா? இல்லை, சேமிக்கவும் அங்கேயேதான் இருக்கிறது, விரல் படவே இல்லை. எட்டு பச்சையானது. கொஞ்சம் பொறுத்து ஒன்பது. யாரோ போய் உதவியிருக்கிறார்கள், டெல்ஃபின் வாக்கை மீறிக் குதித்திருப்பாள், அந்தப் பெண்ணுக்கும் பொறுமை போதாது. அல்லது செபஸ்தியம்மாவே கையைப் பிடித்து அடுக்கவைத்துவிட்டு, தாளை எடுத்து, இல்லை என்று. பச்சை பச்சையாக வந்தும் சந்தோஷப்படத் தெரியாத ஜென்மம் நான் என்று தன்னைத் திட்டிக்கொண்டாள், அது கொஞ்சம் இதமாக இருந்தது. பத்து, பதினொன்று. பன்னிரண்டு விழவும் பத்தரை மணி டீக்கு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. டீக்குப் போகிறவர்கள் எல்லோரும் இந்த ஹால் வழியாகத்தான் கேன்டீன் போகவேண்டும் என்பது, முட்டிவலிக்காரி சுபத்ராவுக்கு இந்த நிமிஷம் வரை தோன்றவே இல்லை.

பச்சை ஏப்ரன், வலை போட்ட தலை, கழுத்தில் ஆடுகிற போன், சாரு வந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் கறுத்துப் பருத்து ஒரு வயசான பெண், அது செபஸ்தியம்மா, அந்தப் பக்கம் டெல்ஃபின். சுபத்ரா எக்ஸ்ரே கவரை முகத்துக்கு நேரே தூக்கினாள், அது மாவுக்கட்டுடையது, "அது என்னுதுங்க" என்று அவள் பிடுங்கிக்கொண்டாள். சாரு நேராக வந்து எதிரே நின்றாள். இடுப்பில் கை. "இருன்னு சொல்லிட்டு, இங்க வந்து ஒக்காந்திருக்கியா?" என்றாள். "எவ்ளோ நேரம் நிக்கறது மனுஷி? சொன்னா வரணும். வரலேன்னா சொல்லணும்." சுபத்ரா மடியில் கிடந்த சீட்டைத் தேடி எடுத்தாள். "ஆன்ட்டி", என்றாள் டெல்ஃபின், "நீங்க வீட்ல இருக்கீங்கன்னு…" "முட்டி" என்றாள் சுபத்ரா, சீட்டை நீட்டினாள். செபஸ்தியம்மா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்கதான் அம்மாவா? பாருங்க, ஷீட்ட மடிச்சி வெச்சிட்டு செலையாட்டம் நிக்கிறா. என்னம்மான்னா பேச மாட்டேங்கிறா. நான் ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு இந்தப் பொண்ணு ஆர்டர் போட்டிருக்கு. சரி இன்னிக்கு ஆகாதுன்னே நெனச்சிட்டேன்." "நான்தாங்க நிக்கச் சொன்னேன்" என்றாள் சுபத்ரா. "போன்ல. தெரியாம." செபஸ்தியம்மா அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. "அப்ப பார்த்து ஆபரேஷன் தியேட்டர்லேருந்து ஆள் வந்து ஷீட்டு எங்க ஷீட்டு எங்கன்னு கத்துது. இவ கதவைப் பார்த்தா, அந்த ஆளைப் பார்த்தா. பத்து எண்ணி எடுத்துக் கையில குடுத்தா. மிச்சத்தைத் தட்டுல வெச்சா. யாரும் சொல்லல." "அந்த அண்ணா அவசரம்னாங்க" என்றாள் சாரு, அம்மாவிடம் இல்லை, பொதுவாக. "அம்மா வரல. நானே குடுத்துட்டேன்." செபஸ்தியம்மா டெல்ஃபின் பக்கம் திரும்பி, "டீ குடிச்சிட்டு அந்தத் தாளக் கொண்டாம்மா, போட்டுத் தரேன்" என்றாள். "கூடவே இன்னொண்ணும் எழுதிக்க. ஆளுங்களை அதட்டக்கூடாதுன்னு. தியேட்டர் ஆளைப் பார்த்து, கத்தாத, எனக்குக் காது கேக்குதுங்கிறா."

டெல்ஃபின் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து, "ஏழாவது மட்டும் திரும்பப் பேசி அனுப்பிடுங்க ஆன்ட்டி, நாளைக்கும் நிப்பா" என்றாள். "பேசியாச்சு" என்றாள் சுபத்ரா, கொஞ்சம் வெடுக்கென்று, சேமிக்கவும் என்பதை அமுக்கினாள், இதற்காகவா இவ்வளவு பாடு என்கிற மாதிரி அது ஒரு சின்னச் சத்தத்தோடு ஏறிக்கொண்டது. எழுந்து போய்விடவேண்டும் இனி, வீட்டில் உலை வைக்கவில்லை, அவருக்கு ஒரு பதில் போடவேண்டும், எழுந்திருக்கப் பார்த்தாள், ஒன்றரை மணி நேரம் மரப் பெஞ்சில் மடங்கியிருந்த முட்டி நிஜமாகவே சுருக்கென்று பிடித்து அவளைத் திரும்ப உட்காரவைத்தது. சாரு அந்த முட்டியைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். கேன்டீன் ஜன்னலில் வரிசை நீளுவதைப் பார்த்தாள். "ஒனக்கும் டீ வாங்கிட்டு வரேன், சக்கரை இல்லாம" என்றாள். இரண்டடி போய்த் திரும்பி, விரலை நீட்டினாள். "இரு, வரேன்."

"நாப்பத்தொண்ணு" என்று நர்ஸ் கூப்பிட்டாள். மாவுக்கட்டு முழங்கையால் இடித்து, "உங்களதான், போங்க" என்றாள். மறுபடி கூப்பிட்டாள், கொஞ்சம் கோபமாக, நாப்பத்தொண்ணு. சுபத்ரா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கேன்டீன் பக்கத்து வழியைப் பார்த்தபடி, உட்கார்ந்தே இருந்தாள்.